ஜஅஃபர் (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்ற உணவு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 629), இன்றைய ஜோர்டான் நாட்டிலுள்ள முஃத்தா எனுமிடத்தில் நடைபெற்ற போரில் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி), ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். போர்க்களத்தில் நிகழ்ந்தவற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அச்செய்தி மதீனாவில் ஒரு வீட்டை அடைந்தபோது நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

அது ஜஅஃபர் (ரலி) அவர்களின் வீடு. அவர்களும் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் அபிசீனியாவில் பல்லாண்டுகள் அகதிகளாய் வாழ்ந்து, ஹிஜ்ரி 7இல்தான் மதீனா வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டாண்டுகள்கூட நிறைவடையவில்லை. அன்று அஸ்மா (ரலி) மாவு பிசைந்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து வைத்திருந்தார்கள். அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள் பிள்ளைகளை அழைத்து, அணைத்து முகர்ந்தார்கள்; கண்கள் கலங்கின. ஜஅஃபரைப் பற்றி ஏதேனும் செய்தி வந்ததா என்று அந்தத் தாய் வினவினார்கள். நபியவர்கள் உண்மையை மறைக்கவில்லை. தமது கண்ணீரையும் மறைக்கவில்லை.

பின்னர் தம் இல்லத்தாரிடம், ஜஅஃபரின் குடும்பத்தினருக்கு உணவு சமைக்குமாறு பணித்தார்கள். அவர்களுக்கு நேர்ந்த துயரம் அவர்களை முழுவதுமாக ஆட்கொண்டுவிட்டது என்பதே அதற்குக் கூறிய காரணம். மாவு பிசைந்து வைத்திருந்த வீடுதான் அது. குறைவாயிருந்தது பொருளன்று, அடுப்பை மூட்டும் மனவலிமையே.

மூன்று நாள்கள் அவர்களை அழவிட்டு, பின்னர் மீண்டும் வந்தார்கள். பிள்ளைகளை வரவழைத்து, நாவிதரைக் கொண்டு அவர்களுக்கு முடி மழிக்கச் செய்தார்கள். ஒரு பிள்ளை அபூதாலிபைப் போன்றிருப்பதாகவும், இன்னொரு பிள்ளை தம்மைப் போன்றிருப்பதாகவும் கூறினார்கள். தந்தையற்ற பிள்ளைகளின் வருங்காலத்தை எண்ணித் தாய் வருந்தியபோது, அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்று உறுதியளித்தார்கள். எட்டு வயதில் ஆதரவற்று நின்ற நபியவர்களை ஏற்று வளர்த்தவர் இப்பிள்ளைகளின் பாட்டனார் அபூதாலிப் அன்றோ! அப்பிள்ளைகளில் ஒருவரான அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) பிற்காலத்தில் அரபு நாடெங்கும் கொடைவள்ளலாகப் போற்றப்பட்டார்கள்.

இந்நிகழ்ச்சியின் அடிப்படையிலேயே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தமது 'அல்உம்மு' நூலில், இறந்தவரின் வீட்டாருக்கு அண்டை வீட்டாரும் உறவினரும் உணவு சமைத்து அளிப்பதை விரும்பத்தக்கதாகக் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது நம் தெருக்களை எண்ணிப் பார்ப்போம். மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பியதும் பந்தலில் அமர்ந்து, அவ்வீட்டார் தரும் உணவை நாம் எதிர்பார்த்ததில்லையா? அதற்காக அவர்கள் கடன் வாங்கியதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்ததில்லையா? ஜனாஸாவுக்குத் திரள்வதில் நாம் குறை வைப்பதில்லை. நான்காம் நாள் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவோர் எத்தனை பேர்? இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு மளிகை வாங்கித் தருவது யார்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நினைவில் வைத்திருப்பது யார்?

ஆறுதல் மொழிகள் தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு சட்டி சோறு, நான்காம் நாள் ஒரு விசாரிப்பு, பின்னர் கைவிடாத ஒரு பொறுப்பு: இவை போதும். அத்தகைய அண்டை வீட்டாராக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.