அனுப்பி வைக்கப்படும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஓர் ஆங்கில வாக்கியத்தால் ஒரு பெட்டி சரக்கு கடல் கடந்து திரும்பி வந்தது. பாயான் லெப்பாஸில் பொறியாளராக வேலை. படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். வெளிநாட்டுக் கிளைக்கு எழுதிய குறிப்பில், மின்சாரம் கொடுக்கும் முன் இணைப்புகள் சரிபார்க்கப்பட வேண்டும் என்ற பொருளில் ‘ஷுட் பி செக்ட்’ என்று போட்டிருந்தேன். அவர்கள் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன். இங்கேயே பார்த்து அனுப்பியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கடைசியில் யாருமே பார்க்கவில்லை.

மேலாளர் திட்டவில்லை. “இலக்கணம் சரிதான் தம்பி. யார் பார்க்கணும்னு எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். லெபோ பசாரில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நடந்தேன். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்குக்கும் நடுவில் ஃபிரான்சிஸ் லைட் போட்ட கட்டங்களில்தான் நம் புடவைக் கடைகளும் பூக்கடைகளும் இருக்கின்றன. இந்தத் தீவு கைமாறிய கதையிலும் என்னுடையதைப் போல ஒரு வாக்கியம் உண்டு.

பினாங்கு அப்போது கெடாவுக்குச் சொந்தம். 1785-இல் கெடா சுல்தான் அப்துல்லா தன் நிபந்தனைகளை லைட் மூலம் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி தீவைத் துறைமுகமாக வைத்துக்கொள்ளலாம். வியாபார நஷ்டத்துக்கு ஈடாக வருஷம் 30,000 ஸ்பானிய டாலர் வேண்டும். தரைவழியே எதிரி வந்தால் ஆளும் ஆயுதமும் தந்து உதவ வேண்டும். அந்தச் செலவு சுல்தானுடையது. வடக்கே சயாம் இருந்தது. பணத்தைவிட இந்தக் கடைசி நிபந்தனைதான் அவருக்கு உயிர்.

தற்காலிக கவர்னர் ஜெனரல் மெக்ஃபெர்சனின் பதில் சில இடங்களில் தெளிவாகவே இருக்கிறது. தீவையும் கெடா கரையையும் காக்க ஒரு போர்க்கப்பல் நிற்கும் என்கிறது. படை உதவி என்று வந்ததும் நடை மாறுகிறது. அந்த விஷயம் கம்பெனியின் உத்தரவுக்காக அனுப்பி வைக்கப்படுமாம். எப்போது பதில் வரும், அதுவரை தீவு யார் கையில், பதில் ‘முடியாது’ என்றால் என்ன ஆகும், எதுவும் கிடையாது.

சுல்தான் உதவி வரும் என்று நம்பினார். லைட் அந்த நம்பிக்கையைக் கலைக்கவில்லை. 1786 ஆகஸ்ட் 11-இல் தீவில் கொடி ஏறிவிட்டது. படை உதவி கிடையாது என்ற முடிவு லைட்டுக்கு வந்தது 1788-இல். ஏமாந்த சுல்தான் எதிர்க்கரையில் பிறையில் ஆட்களைத் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கினார். மே 1-இல் போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 6,000 டாலர். பாதுகாப்பு பற்றி ஒரு சொல் இல்லை. 1821-இல் சயாம் கெடாவுக்குள் நுழைந்தபோது, அப்துல்லாவின் மகன் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் இதே பினாங்கு.

மொழிபெயர்ப்புக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மொழிகளுக்கு நடுவே நிற்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பின்னாளில் ராஃபிள்ஸுக்கு மலாய்க் கடிதங்கள் எழுதிய இப்ராஹிம், பினாங்கின் சூலியா குடும்பத்துப் பிள்ளை. அவர் சகோதரர் அகமது ரிஜாலுடின், 1810-இல் போன வங்காளப் பயணத்தை மலாயில் புத்தகமாகவே எழுதினார். ஆனால் வேண்டுமென்றே மழுப்பியதை எந்த எழுத்தராலும் தெளிவாக்க முடியாது.

கோட்டைக்கு முன்னால் போகும் கப்பல்களுக்கு இன்று வேறு விதி. பல நாட்டு மாலுமிகளும் புரிந்துகொள்ள, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஒரு நிலையான சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றது. ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ எல்லாவற்றையும் தவிர்க்கச் சொல்கிறது அது. ‘மே’ போட்டு ஒருவர் பேசினால், அது அனுமதி கேட்பதா, அனுமதி தருவதா, நடக்கலாம் என்ற ஊகமா என்று எதிர்க்கப்பலுக்குத் தெரியாது. அனுமதி வேண்டுமென்றால் ‘எனக்கு அனுமதி உண்டா’ என்றே கேட்க வேண்டும். அழகு போகும், கப்பல் மோதாது.

சர்வதேச வாசகருக்குத் தெளிவான ஆங்கிலம் என்றால் சின்ன வாக்கியம், எளிய சொல் என்றுதான் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். அதுவும் வேண்டும்தான். மெக்ஃபெர்சனின் கடிதத்தில் கடினமான சொல் என்ன இருந்தது?

மறுநாள் அந்தக் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தேன். சரிபார்ப்பது யார் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அது அவர்கள் வேலையா, எங்கள் வேலையா என்று முதல் தடவை எழுதும்போதே எனக்குத் தெரியாது. கேட்டால் எங்கள் தலையில் விழும் என்று பயந்து கேட்காமல் விட்டிருந்தேன். அதை மறைக்கத்தான் ‘செக்ட்’ வசதியாக இருந்தது.

எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கிளைக்கு போன் போட்டேன்.