சம ஆசனமும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும்

உரும்பிராயிலிருந்து மேற்கே செல்வோர் மருதனார்மடத்தை அடைவர். பலாலி வீதிவழியே தெற்கு நோக்கிச் செல்வோர் திருநெல்வேலியை அடைவர். முன்னைய ஊரில் 1913இல் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், பின்னைய ஊரில் 1921இல் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அடக்குமுறைக்கு ஆளான சிங்கள மக்களுக்காக இலண்டன் சென்று வாதாடியவரும் அவரே. அத்தகைய பெருமகன், தம் சொந்த மண்ணிலே சம ஆசனம் என்னும் வினா எழுந்தபோது மறுபுறத்தே நின்றார்.

அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருந்தனர். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளோ, சேர்த்துக்கொள்ளப்பட்ட இடங்களிலும், நிலத்திலிருந்தே படித்தனர். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், ஆசனம் மாத்திரம் இரண்டு. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசார், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர், இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தனர். அவர்கள் அழைப்பை ஏற்று 1927இல் வந்த காந்தியடிகளும் தீண்டாமையைச் சாடிச் சென்றார்.

பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமாராலும் சைவ அன்பர்களாலும் நடத்தப்பட்டவை. ஆயினும் அரசாங்கத்தின் நன்கொடைப் பணமின்றி அவை நிலைத்திரா. இந்தப் பிடியைக் கொண்டே, நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று 1920களின் இறுதியிற் கல்விப் பகுதி பணித்தது. நல்லுரைக்கு இணங்காதோர் பணத்துக்கு இணங்குவர் என்று அதிகாரிகள் எண்ணினர் போலும்!

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. வழிவழி வந்த வழக்கத்தில் அரசாங்கம் கைவைத்தலாகாது என்றனர் எதிர்த்தோர். அவர்தம் பக்கம் நின்று, அக்கட்டளையை நீக்குமாறு வேண்டியவர் இராமநாதன். சட்டநிரூபண சபையிலே அவருக்கிருந்த செல்வாக்கு, பழைமை பேணுவோருக்குப் பெருந்துணையாயிற்று. சமபந்தி போசனத்தையும் அவர் ஏற்றாரில்லை. சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்தார். பெண்கல்விக்குப் பெருஞ்செல்வத்தை ஈந்த கைக்கு ஒரு வாங்கின் ஓரத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சம ஆசனம் வழங்கிய சில பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. அத்தீயை அவர்மேற் சுமத்துதல் நியாயமன்று. ஆனால், பெரியோர் சொல் சிறியோருக்குத் துணிவளிக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை.

அமெரிக்காவிலும், 1954இல் உயர் நீதிமன்றம் நிறப் பாகுபாட்டுப் பள்ளிகளைச் சட்டவிரோதமெனத் தீர்த்த பின்னர், பொஸ்டன் நகர அரசியல்வாதி லூயிஸ் டே ஹிக்ஸ் போன்றோர், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் பஸ்களில் ஏற்றி ஒரே பள்ளியிற் சேர்ப்பதை எதிர்த்தே மக்களிடம் வாக்குப் பெற்றனர்.

இராமநாதன் 1930 நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை வந்தது. வாங்கோ அத்துணை விரைவில் வரவில்லை. பல பாடசாலைகளில் நிலத்திலிருந்த பிள்ளைகள் மேலும் பல ஆண்டுகள் நிலத்திலேயே இருந்தனர். சாதி காரணமாகப் பாடசாலையில் அனுமதி மறுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேதான் நிறைவேறிற்று.