ஆட்டம் வேறு, சூது வேறு



ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் கேட்டான்: "ஐயா, போக்கர் அறிவு விளையாட்டுதானே? பிறகு ஏன் சூது என்கிறார்கள்?" கைப்பேசியில் யாரோ ஆடுவதைப் பார்த்திருக்கிறான். அதட்டி வாயை அடைத்திருக்கலாம். ஆனால், அவன் கூற்றில் பாதி உண்மை இருந்தது. ஆகவே வரலாற்றைப் புரட்டினேன்.

போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களின் வழியே பரவிய சீட்டாட்டம். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 2,598,960 வழிகள் உண்டு. அவற்றுள் மிக உயர்ந்த சேர்க்கை நான்கே நான்கு. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோல் பாசாங்கு செய்வதும், எதிராளியின் முகத்தைப் படிப்பதும் இதன் நுட்பங்கள். கணித மேதை ஜான் வான் நாய்மன், மோர்கென்ஸ்டெர்னுடன் 1944-இல் வெளியிட்ட நூலில் இப்பாசாங்கையே கணக்காக்கி ஆராய்ந்தார். நாய்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து போக்கர் ஆடுவதாக ஓவியர் கூலிட்ஜ் வரைந்த படங்களும் பெரும் புகழ் பெற்றன.

நம் முன்னோரும் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர். மகாபாரதத்து நளன் கதையில், இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்கிறான். நளன் அவனுக்குக் குதிரை வித்தையைத் தந்து, கவறாடும் வித்தையைப் பெறுகிறான். வள்ளுவரோ கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நூலறிவின்றி அவையில் பேசுவதைக் கட்டம் வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். ஆட்டத்தை உவமையாக்க அவர் தயங்கவில்லை. அவரே 94-ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிகிறார். வென்றாலும் வேண்டாம், அவ்வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் போன்றது என்கிறார்.

அத்தூண்டிலை நம் ஜொகூரிலேயே காணலாம். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றோரங்களில் மிளகும், தோல் பதனிட உதவும் காம்பீரும் பயிரிட, ஜொகூர் ஆட்சியாளர்கள் சீனத் தலைவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கினர். அத்தலைவர் 'காங்சு' எனப்பட்டார். குடியிருப்பு 'கங்கார்' எனப்பட்டது. சூதாட்டம், அபின், மது, அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையும் காங்சுவிடமே இருந்தது. தொழிலாளிக்குக் கொடுத்த கூலி, சூதுமேசை வழியாக அவர் கைக்கே திரும்பியது. 1917-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

நான் வளர்ந்த தோட்டத்திலும் சம்பள நாளன்று இரவில் சீட்டாட்டம் நடக்கும். என் மாமா ஒருவர் விழுந்த சீட்டுகளையெல்லாம் நினைவில் வைத்திருப்பார். ஆட்டத்தில் வல்லவர் என்று பெயர் எடுத்தவர். ஆயினும், அத்தை என் தாயாரிடம் அரிசி கடன் கேட்டு வந்து நின்ற நாள்கள் பல.

நீதிமன்றங்களும் இவ்வேறுபாட்டோடு போராடியுள்ளன. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டப் பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் நீக்கியது. 2025-இல் இந்திய நாடாளுமன்றமோ திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. நம் நாட்டின் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டமும், திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டத்தைப் பணத்திற்கு ஆடினால் அதைச் சூதாட்டம் என்றே கொள்கிறது.

மறுநாள் அம்மாணவனிடம், "போக்கர் அறிவு விளையாட்டுதான், தம்பி. பணம் வைத்தால் அது சூது. அப்போது உன் திறமையை மட்டும் பாராதே, மேசை யாருடையது என்று கேள்" என்றேன். பிறகு வகுப்பில் ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்து, சிவப்புச் சீட்டு வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட வைத்தேன். பிள்ளைகள் ஆர்வத்தோடு கணக்கிட்டார்கள்.

பெற்றோர்களே, தீபாவளி இரவில் வீட்டுக் கூடத்தில் நாம் சில்லறை வைத்துச் சீட்டாடும்போதும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் கற்பது ஆட்டத்தையா, சூதையா? சிந்திப்போம்.