பற்கிருமியும் மூலிகைச் சாறும்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்பது தமிழ் மக்கள் நாவிற் பழகிய முதுமொழி. ஆலம் விழுதையும் வேலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் மென்று பல் துலக்கிய முன்னோர், அவற்றின் துவர்ப்பும் கைப்பும் பல்லைக் காக்கும் என்று அனுபவத்தினால் நம்பினர். அரபு நாடுகளிலே உகாய் மரத்தின் வேர், மிஸ்வாக் என்னும் பெயரோடு இதே தொண்டைச் செய்து வந்துள்ளது. இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை என்று வினவுவது எளிது. விடை காணும் முயற்சியோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது.

பல்லைப் புழு அரிக்கின்றது என்பதே பண்டை உலகின் கொள்கை. பபிலோனியர் களிமண் ஏட்டிலே எழுதிவைத்த இக்கொள்கையை, 1728 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரப் பல் வைத்தியர் பியர் போஷார் மறுத்தார். ஆயினும், பல்லிடுக்கிலே உயிர்கள் வாழ்கின்றன என்னும் உண்மை அவருக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. ஒல்லாந்து நாட்டின் டெல்ப்ட் நகரிலே துணி வணிகராயிருந்த அன்ரனி வான் லீவன்ஹூக், தாமே ஆக்கிய வில்லையின் ஊடாகத் தம் பல்லிடுக்கு அழுக்கை நோக்கினார். அங்கே துள்ளியோடும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1683 செப்டெம்பர் 17 ஆம் நாள் இலண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்.

அவர் கண்டதோடு அமையவில்லை. திராட்சை மதுவிலிருந்து பெற்ற வினாகிரியை அவ்வழுக்குடன் கலந்தார், உயிர்கள் மடிந்தன. அதற்கு முன்னர் அதே வினாகிரியை வாயிலிட்டுக் கொப்பளித்து, பல்லிடுக்கு அழுக்கை எடுத்து நோக்கியிருந்தார். அவை எண்ணிறந்தனவாய் உயிருடன் இருந்தன. வினாகிரி அழுக்கின் புறத்தே இருந்தவற்றைக் கொன்றதேயன்றி உள்ளே புகவில்லை என்று அவர் முடிவு செய்தார். வெளியிலே வெல்லும் மருந்து வாயினுள்ளே தோற்கலாம் என்பதே அச்சோதனை புகட்டிய பாடம்.

கிருமிக்கும் பற்சூத்தைக்கும் உள்ள தொடர்பை விளக்கியவர், பேர்லினிலே பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர். பாணையும் உமிழ்நீரையும் கலந்து உடற்சூட்டிலே வைத்தால், அதிலிட்ட பல் அமிலத்தினாற் கரைவதை அவர் காட்டினார். இறைச்சியை இட்டபோது அவ்வாறு நிகழவில்லை. அவருடைய நூல் 1890 இல் வெளிவந்தது. கிருமி பல்லைத் தின்பதில்லை. மாப்பொருளையும் சீனியையும் உண்டு அமிலத்தைக் கழிக்கின்றது. அவ்வமிலமே பல்லை அரிக்கின்றது.

1924 இல் இலண்டனிலே கிளார்க் என்பவர், சூத்தைப் பற்களிலிருந்து ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அது, 1960 இல் அமெரிக்க ஆய்வாளர் பால் கீஸ், சூத்தை ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது என்று காட்டிய பின்னரே மீண்டும் கவனம் பெற்றது. இப்பற்றீரியா சீனியைக்கொண்டு ஒட்டும் பசையொன்றை ஆக்கி, பல்லின்மீது படலமாய்ப் படிகின்றது. அத்தகைய படலமே லீவன்ஹூக்கின் வினாகிரியைத் தடுத்த கோட்டை.

மூலிகையைச் சோதிக்கும் இன்றைய முறைக்கு உதவியது ஒரு சமையற் பொருள். ஜேர்மனியிலே றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஒருவரின் மனைவியார் பன்னி ஹெஸ்ஸே, பழப்பாகை உறையச் செய்யும் கடற்பாசிக் கூழிலே கிருமிகளை வளர்க்கலாம் என்று 1881 இல் எடுத்துரைத்தார். அக்கூழைத் தட்டிலே உறையவிட்டு, கிருமியைப் பரப்பி, சிறு குழியிலே சாற்றை வார்த்து, ஓரிரு நாள் உடற்சூட்டில் வைப்பர். சாறு வலியதாயின், குழியைச் சூழக் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றும். கராம்பு எண்ணெயும் கறுவா எண்ணெயும் இவ்வாறு வளையம் காட்டியுள்ளன.

ஆனால் வளையம் வேறு, வாய் வேறு. தட்டிலே சாறு நாள் முழுதும் கிருமியுடன் தங்குகின்றது. வாயிலே உமிழ்நீர் அதனை விரைவிற் கழுவிவிடுகின்றது. கூழிலே ஊறிப் பரவாத பொருள், வலியதாயினும் சிறு வளையமே காட்டும். 1996 இல் வெளியான ஓர் ஆய்விலே, வேப்பங்குச்சியின் நீர்ச்சாறு இவ்வினக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆயினும், பற்பரப்பை ஒத்த கனிப்பொருளிலே அவை ஒட்டுவதைக் குறைத்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், பசையை ஆக்கும் நொதியத்தைத் தடுப்பதும் ஆய்வுகூடங்களிலே காணப்பட்டுள்ளது. கொல்லாத பொருளும் காக்கக்கூடும். வளையத்தை மட்டும் அளப்பவர் இதனைத் தவறவிடுவர்.

மூலிகை என்பதனாலேயே தீங்கில்லை என்றும் கொள்ளலாகாது. வட அமெரிக்காவின் இரத்தவேர் என்னும் பூண்டின் சாறு, 1980களிலே பற்பசையிலும் வாய் கொப்பளிக்கும் நீரிலும் சேர்க்கப்பட்டது. அதனைப் பாவித்தோர் சிலரின் வாயினுள்ளே தோன்றிய வெண்படலத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று 1990களின் இறுதியிலே மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

முதுமொழி பொய்க்கவில்லை, ஆனால் அதன் உண்மை துவர்ப்பிலும் கைப்பிலும் மட்டும் அடங்கியதன்று. மென்று நார்நாராய் விரிந்த குச்சி, சாறு ஊடுருவ இயலாத படலத்தைத் தேய்த்து அகற்றுகின்றது. கையின் உழைப்பும் சாற்றின் குணமும் அங்கே ஒன்றாய்ச் சேர்கின்றன. இனிப்பைக் குறைக்காமலும் பல்லைத் தேய்க்காமலும் சாற்றை மட்டுமே நம்பிக் கொப்பளிப்பவர், அன்று டெல்ப்ட் நகரிலே லீவன்ஹூக் கண்டதையே தம் வாயிலும் காண்பர்.