ஸ்பிறே: ஒரு பழைய மரக்கலத்தின் புனரமைப்பும் தனியொருவரின் உலகப் பயணமும்

கடல் வரலாறு பெரும்பாலும் பெருங்கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடற்படைகளும் வணிகக் கம்பனிகளும் துறைமுகப் பேரரசுகளுமே அதன் ஏடுகளை நிரப்பி நிற்கின்றன. எனினும், 36 அடி 9 அங்குல நீளமேயுடைய ஒரு மரக்கலத்துக்கும் அவ்வரலாற்றில் நிலையான இடம் உண்டு. 1895ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆந் திகதி பொஸ்ரன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 'ஸ்பிறே' என்னும் அக்கலம், 46,000 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, 1898ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி நியூபோர்ட் துறையை அடைந்தது. அதனைச் செலுத்தி வந்தவர் ஒருவரே. தன்னந்தனியாக உலகைச் சுற்றிக் கடலோடிய முதல் மனிதர் என்ற பெருமை கப்ரன் ஜோஷுவா ஸ்லோக்கத்துக்கு உரியதாயிற்று. அவரது துணிவு பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. ஆயின், அத்துணிவுக்கு முன்னோடியாக அமைந்த பதின்மூன்று மாதத் தச்சு வேலை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பயணத்தின் வெற்றி பெருமளவுக்குக் கரையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்லோக்கம் 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்தவர். இளமையிலேயே கடலோடத் தொடங்கிப் பெரும் பாய்க்கப்பல்களின் தலைவராக உயர்ந்தவர். அவருடைய வாழ்க்கையின் உச்சக்கட்டமும் பாய்க்கப்பல் யுகத்தின் அந்திமக் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பல்கள் நீண்ட கடல்வழிகளையும் படிப்படியாகக் கைப்பற்றிக்கொண்டன. 1887இல் ஸ்லோக்கம் தமது 'அக்கிட்நெக்' என்னும் கப்பலைப் பிரேசில் நாட்டுக் கரையில் மணற்றிட்டொன்றில் இழந்தார். பின்னர் பொஸ்ரன் திரும்பிய அவருக்குத் தலைமை தாங்குவதற்குக் கப்பல் கிடைக்கவில்லை. உயர்ந்த பாய்க்கப்பல்கள் பல, மரங்கள் வெட்டி நீக்கப்பட்டு, நிலக்கரி ஏற்றும் பாரப்படகுகளாக மாற்றப்பட்டிருந்தன. கப்பற்றளத்தில் வேலை பெறுவதற்கோ முதலில் ஒரு சங்கத்துக்கு 50 டொலர் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே, தொழில்நுட்ப மாற்றத்தினால் ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் நிலையிலேயே அவர் அன்று நின்றார் எனலாம்.

1892ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில், ஈபன் பியேர்ஸ் என்னும் திமிங்கில வேட்டைக் கப்ரன், சிறிது பழுதுபார்க்க வேண்டிய கப்பலொன்றைத் தருவதாக ஸ்லோக்கத்திடம் கூறினார். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், நியூ பெட்போர்ட் நகருக்கு எதிரேயுள்ள பெயர்ஹேவனிற் சென்று பார்த்தபோது, கடலை விட்டு விலகிய ஒரு வயலில் முட்டுக் கொடுக்கப்பட்டுக் கித்தானால் மூடப்பட்டிருந்த பழைய சிப்பிப் படகே அக்'கப்பல்' என்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக அது அங்கு கிடந்தது. அதனை உடைத்து விறகாக்கவே அவர் வந்துள்ளார் என ஊரவர் எண்ணினர். திருத்திக் கட்டப் போவதாக அவர் கூறியபோது, அதனால் வரும்படி உண்டா என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியாயிற்று.

ஸ்லோக்கம் கலத்தின் உருவத்தை மாற்றவில்லை, உறுப்புகளையே மாற்றினார். அண்மையில் நின்ற ஓக் மரமொன்றை வெட்டி ஏராக்கட்டையைச் செதுக்கினார். நேரான இளமரங்களை நீராவியில் அவித்து, அவை இளகிய நிலையில் வளைத்து வங்குகளாகப் பொருத்தினார். அவற்றின்மேல் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜோர்ஜியாப் பைன் பலகைகளை அறைந்தார். பலகைகளின் இடைவெளிகளில் முதலிற் பஞ்சையும் அதன்மேல் பழங்கயிற்று நாரையும் செலுத்திக் கலப்பற்று அடித்தார். பாய்மரம் நியூ ஹம்ஷயர் மாநிலத்து ஸ்புறூஸ் மரத்திலிருந்து பெறப்பட்டது. மேற்றளத்தில் சமையலுக்கென ஆறடிச் சதுரமான அறையொன்றும், பின்புறத்தில் வாழ்வதற்கெனச் சற்றுப் பெரிய அறையொன்றும் அமைந்தன. செலவான பணம் 553 டொலர் 62 சதம். பணம் போதாதபோது, துறைமுகத்தில் ஆயத்தமாகிக்கொண்டிருந்த திமிங்கில வேட்டைக் கப்பல்களிற் கூலிவேலை செய்து அவர் குறையை நிரப்பினார்.

ஒவ்வோர் உறுப்பாக அனைத்தும் புதுப்பிக்கப்பட்டபின், அது பழைய கலந்தானா, புதிய கலமா என்ற வினா எழுதல் இயல்பு. ஸ்லோக்கமும் இவ்வினாவை எழுப்பி, பழுதுபார்த்தலின் மூலம் முற்றிலும் புதிதாகிவிட்ட கப்பலும் பழைய பெயருக்கே உரியது என்னும் கடல் வழக்கைச் சுட்டிக்காட்டினார். தத்துவ மாணவருக்கு இது ஒரு புதிராகலாம். தொழிலாளியின் நோக்கிலோ இதன் பொருள் தெளிவானது: பலகை அழியினும், அதனை வெட்டிப் பொருத்தும் அறிவு கைமாறி நிற்குமாயின் கலம் அழிவதில்லை.

ஒற்றை மாலுமி செலுத்தும் கலத்துக்கு விசேட தேவைகள் சில உண்டு. மாலுமி உறங்கும்போதும் கலம் தன் திசை தவறாது செல்ல வேண்டும். பாய்களை ஒருவரே ஏற்றி இறக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். ஸ்பிறேயின் நீண்ட ஏராவும் 14 அடி 2 அங்குல அகலமும் முதலாவது தேவையை நிறைவு செய்தன. பாய்களைச் சமநிலைப்படுத்திச் சுக்கானைக் கயிற்றினாற் கட்டிவிட்டால் கலம் நேர்வழியே சென்றது. தேர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவு வரையான 2,700 மைலை 23 நாட்களிற் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்தது மொத்தமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படவில்லை. இரண்டாவது தேவை வழியிலேயே நிறைவேற்றப்பட்டது. புவனோஸ் அயர்ஸில் பாய்மரத்தில் ஏழு அடியும் முகப்பில் நீண்டிருந்த மரத்தில் ஏறத்தாழ ஐந்து அடியும் குறைக்கப்பட்டன. மகெல்லன் நீரிணைப் பகுதியில், பின்புறத்திற் சிறு பாயொன்று சேர்க்கப்பட்டது. ஆயத்தம் என்பது புறப்படும் நாளுடன் முடிவுறும் ஒன்றன்று என்பதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

கருவிகளைப் பொறுத்தவரை வறுமையே பெரிதும் தீர்மானித்தது. தம்மிடமிருந்த நுண்காலமானியைத் திருத்த 15 டொலர் வேண்டியிருந்தமையால் அதனை வீட்டிலேயே விட்டுவிட்டார். யார்மத் துறையில், முகம் உடைந்திருந்த காரணத்தால் ஒரு டொலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரமொன்றை வாங்கினார். கருவியின் குறையை, சந்திரனின் நிலையை அளந்து நெட்டாங்கு கணிக்கும் பழைய முறையில் அவருக்கிருந்த தேர்ச்சி ஈடுசெய்தது. முழுத் தோணியொன்றை ஏற்ற இடமின்மையால், ஒரு தோணியைக் குறுக்கே அறுத்து, அறுத்த முனையைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அவ்வரைத் தோணி கரைசேரவும், துணி துவைக்கவும், குளிக்கவும் பயன்பட்டது.

தனிப்பயணம் எனப்படும் இதனை உற்று நோக்குமிடத்து, பலரது கைகள் அதிற் கலந்திருத்தலைக் காணலாம். குளொஸ்ரர் மீனவத் தலைவர்கள் கருவாடும், அலையைத் தணிக்க எண்ணெயும், விளக்கும் கொடுத்தனர். அடிப்பகுதியிற் பாசி பற்றாதிருக்கச் செப்புப் பூச்சும் அங்கேயே கிடைத்தது. பொஸ்ரன் பெண்மணி ஒருவர் உதவிய பணத்தால் வாங்கிய பெருவிளக்கு இரவில் ஒளி தந்தது. சிறு மாற்றத்தின்பின் பகலில் அடுப்பாயிற்று. சமோவாத் தீவில், எழுத்தாளர் ஸ்ரீவன்சனின் மனைவி தம் கணவர் விட்டுச்சென்ற கடல்வழி நூல்களை வழங்கினார். புன்ரா அறினாஸில் கிடைத்த கம்பள ஆணிப் பொதி வேறு வகையானது. இரவில் மேற்றளத்திற் பரப்பிய அவ்வாணிகள், வெறுங்காலுடன் ஏறிய பூர்விகக் குடிகளைத் துரத்தின. அம்மக்களோ, குடியேறிகளால் நிலம் பறிக்கப்பட்டு அழிவை நோக்கித் தள்ளப்பட்டவர்கள் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

ஸ்பிறேயைக் குறையற்ற கலமாகக் கொள்ளுதலும் பொருந்தாது. அதன் ஏராவில் ஈயமோ இரும்போ இணைக்கப்படவில்லை. அடிப்பாரம் கலத்தின் உள்ளேயே வைக்கப்பட்டது. அதன் சமநிலையைக் கப்பலமைப்பு வல்லுநர் சிலர் வியந்து போற்ற, அளவு கடந்து சாய்ந்தால் அது மீண்டும் நிமிராது என வேறு சிலர் எச்சரித்தனர். பின்னாளில் ஸ்லோக்கம் அதே கலத்தில் தனியே தென்திசை நோக்கிப் புறப்பட்டு மீளாதொழிந்தார். 1924இல் அவர் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். காரணம் எதுவென எவராலும் நிறுவ இயலவில்லை.

எனினும், 1900இல் நூலாக வெளிவந்த அவரது பயண வரலாறு நிலைத்துள்ளது. அதில் வங்கு வளைத்த முறையும், பலகையின் தடிப்பும், சதக் கணக்கிலான செலவும் பதிவாகியுள்ளன. கலத்தைக் கட்டியவனே கலத்தைப் பற்றி எழுதுதல் அரிது. ஆதலின் அந்நூல் பாய்க்கப்பற் காலத் தொழிலறிவின் ஆவணமுமாகும். ஸ்லோக்கத்துக்கு உதவிய அதே குளொஸ்ரர் துறைக்கு, 1938இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' சென்றடைந்தது. அதனை வாங்கிய வில்லியம் அல்பேர்ட் றொபின்சன், தாமும் சிறுகலமொன்றில் உலகைச் சுற்றியவரே. அன்னபூரணியின் பயணத்தை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அதனைக் கட்டிய ஓடாவிமார் எந்த மரத்தைத் தெரிந்தனர், வங்கை எவ்வாறு அமைத்தனர், கலப்பற்றுக்கு எதனைக் கொண்டனர் என்னும் வினாக்களையும் அதே அக்கறையுடன் நாம் கேட்டல் வேண்டும். கடலை வென்ற கதைகள் தாமாகவே பரவும். கரையில் நிகழ்ந்த உழைப்போ, தேடி எழுதப்பட்டாலன்றி நிலைப்பதில்லை.