ஏட்டுச் சுரைக்காயும் இணையப் பக்கமும்



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெப் பக்கம் செய்யக் கற்றுக்கொடுக்க வந்த புத்தகங்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்தப் பழமொழிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1989-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெப்புக்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அது நம்ம திருச்சி மாணவன் கைக்கு எட்ட மேலும் சில வருஷங்கள் ஆயின.

நான் படித்தது 2000-ஐ ஒட்டிய வருஷங்களில். லேபில் கம்ப்யூட்டர் உண்டு, இன்டர்நெட் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1-ம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் ஒரு ப்ரௌசிங் சென்டர். மணிக்கு 30 ரூபாய். ஒரு பக்கம் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆகவே எங்களுக்குக் குரு, ஆசான் எல்லாம் புத்தகம்தான். அது தப்பாகச் சொன்னால், தப்பு என்று தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தச் சங்கடம் இல்லை. பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பாலகுருசாமியின் சி மொழிப் புத்தகமும், யஷ்வந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி'யும் நம் ஊர் ஹாஸ்டல்களில் கைமாறி அட்டை கிழிந்தவை. விதி, உதாரணம், விடை, பயிற்சிக் கேள்வி என்ற வரிசை அவற்றுக்குப் பொருந்தியது. காரணம், சி மொழி நிலையானது. 1978-ல் கெர்னிகனும் ரிச்சியும் புத்தகம் எழுதினார்கள். 1989-ல் அமெரிக்கத் தர நிர்ணயம் வந்தது. அன்று எழுதிய புரோகிராம் பெரும்பாலும் இன்றும் ஓடும். புத்தகத்தில் அச்சடித்த விடைதான் திரையிலும் வரும்.

அதே அச்சில் வெப் புத்தகங்களையும் வார்த்தார்கள். எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல் எல்லாம் ஒரே தடித்த புத்தகத்தில். அங்கேதான் இடறியது. வெப் பக்கத்துக்கு 'இதுதான் விடை' என்று ஒரு படம் அச்சடிக்க முடியாது. நெட்ஸ்கேப்பில் ஒரு மாதிரி, எக்ஸ்ப்ளோரரில் வேறு மாதிரி. 1997-ல் வந்த இரண்டின் நான்காம் பதிப்புகளில், ஒன்றுக்கு 'டாக்குமென்ட் டாட் லேயர்ஸ்', மற்றதற்கு 'டாக்குமென்ட் டாட் ஆல்' என்று எழுத வேண்டும். இரண்டுமே இன்று வழக்கில் இல்லை. எழுத்தின் நிறத்தை மாற்றும் ஃபான்ட் டேகைக் கைவிடச் சொல்லி 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 அறிவித்துவிட்டது. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் நாங்கள் அதைப் பரீட்சைப் பேப்பரில் பேனாவால் எழுதி மார்க் வாங்கினோம்!

இந்த இடத்தில் ஒரு நண்பனைச் சொல்ல வேண்டும். லால்குடிப் பக்கத்துக் கிராமம், தமிழ் மீடியம். ஆங்கிலப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி, அத்தனை டேகையும் மனப்பாடம் செய்தவன். முதல் இன்டர்வியூவில் ஒரே கேள்வி: "பெயரை டைப் பண்ணி பட்டனை அமுக்கினதும் என்னப்பா நடக்குது?" பதில் தெரியவில்லை. திரும்பி வந்து, "எல்லாம் படிச்சேன்டா, இதை மட்டும் யாரும் சொல்லலையே" என்றான். எனக்கும் தெரியாது என்பதை அவனிடம் நான் சொல்லவில்லை.

அன்று ராத்திரி ரெண்டு பேரும் அதே புத்தகத்தைத் திரும்பப் புரட்டினோம். கடைசிப் பகுதியில், பரீட்சைக்கு வராது என்று நாங்கள் விட்டுவிட்ட சில பக்கங்களில் விஷயம் இருந்தது! ப்ரௌசர் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது. படிவத்தில் எழுதியது இப்படிப் போகிறது, அங்கே ஒரு புரோகிராம் அதைப் பிரித்துப் பார்த்துப் பதில் அனுப்புகிறது. அவ்வளவுதான். அடுத்த இன்டர்வியூவில் அவன் அதைப் பேப்பரில் படம் போட்டுக் காட்டினான். வேலை கிடைத்தது. இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்தப் பக்கங்கள் மட்டும் பழசாகவில்லை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆங்கிலப் புத்தகங்களில் தமிழ் எழுத்து திரையில் எப்படி வரும் என்று ஒரு வரி இருக்காது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்த எழுத்தாளர் சுஜாதா, அந்நாட்களில் 'அம்பலம்' என்ற இணைய இதழை நடத்தினார். அக்காலத்துத் தமிழ்த் தளங்கள் பலவற்றில் தளத்துக்கு ஒரு எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் வெறும் கிறுக்கலாய்த் தெரியும். 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. யூனிகோட் பரவிய பிறகே சிக்கல் தீர்ந்தது. எழுத்துக்கு ஒரு எண் என்ற இந்த அடிப்படையை எங்களுக்குப் புத்தகம் சொல்லவில்லை, பட்டறிவுதான் சொன்னது. சுஜாதா கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் எழுதியவற்றில் டேக் வரிசை கிடையாது. 'ஏன், எப்படி' இருக்கும். அதனால்தான் தமிழ் மீடியம் பையன்கள் பலருக்கு அவர் முதல் வாத்தியார்.

இப்போது தம்பி தங்கைகளிடம் செல்போனிலேயே எல்லாப் பாடமும் இருக்கிறது. கேட்டால் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. 'புத்தகம் எதற்கு?' என்பீர்கள். நியாயம்தான். கட்டளைகளைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். அச்சாகி வருவதற்குள் அவை மாறிவிடும். ஆனால் துண்டு துண்டாய்த் தெரிந்ததை முதலிலிருந்து முடிவு வரை ஒரே கோர்வையாய்ச் சொல்ல நல்ல புத்தகத்தை விட்டால் ஆள் கிடையாது. வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். வாங்கியபின் படிப்பதோடு நிற்காமல், கைவலிக்க டைப் செய்து பாருங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் அந்த ஏட்டில் விதை எங்கே கிடைக்கும், எப்போது ஊன்ற வேண்டும் என்று எழுதியிருந்தால், கொல்லையில் சுரைக்கொடி படராமலா போகும்?