மனச்சிதைவு நோய்

மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியா, சிந்தனை, புலனுணர்வு, உணர்ச்சி, செயலூக்கம் ஆகியவற்றை ஒருங்கே குலைக்கும் தீவிர மனநோய். உலகில் சுமார் 2.4 கோடிப் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆண்களுக்குச் சற்று முன்னதாகவே வரும். படிப்பு முடிந்து, வேலை தேடி, வரன் பார்க்கத் தொடங்கும் வயது அது. ஒரே உடலில் பல ஆளுமைகள் மாறிமாறித் தோன்றுவதாக ‘அந்நியன்’ (2005) போன்ற படங்கள் காட்டுவது வேறொரு கோளாறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்றும் சகஜம்.

நோயின் வெளிப்படையான அடையாளம் குரல்கள். பக்கத்தில் ஆளே இல்லாதபோது யாரோ பேசுவது தெளிவாகக் கேட்கும். சில வேளை இரண்டு பேர் நோயாளியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்: “எழுந்துட்டான் பாரு... தண்ணி குடிக்கப் போறான்... செம்பை எடுத்துட்டான்.” நாள் முழுக்க இப்படியொரு வர்ணனை காதில் ஓடிக்கொண்டிருந்தால், எதிரே நின்று அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. தனக்குத்தானே பேசுகிறான், சிரிக்கிறான் என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் அந்தக் குரல்களுக்கு அவர் தரும் பதிலைத்தான். கூடவே அசைக்க முடியாத பொய் நம்பிக்கைகளும் வரும்: சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள், டிவியில் செய்தி வாசிப்பவர் என்னைத்தான் சாடையாகச் சொல்கிறார், என் மனதில் நினைப்பது தெருவுக்கே கேட்கிறது. வாதாடி இதை மாற்ற முடியாது; வாதாடுகிறவரும் சதியில் ஒரு கூட்டாளி ஆகிவிடுவார், அவ்வளவுதான்.

குரல் என்ன பேசும் என்பதில் வாழும் சமூகத்துக்கும் பங்குண்டு. மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அமெரிக்கர்கள் பலருக்குக் குரல்கள் வன்முறையையே பேசின. அக்ராவில் பலர் கடவுள் பேசியதாகச் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை, வேலையைப் பார் என்று அது அதட்டியது.

சத்தம் போடும் அறிகுறிகள் குடும்பத்தை டாக்டரிடம் கொண்டு சேர்க்கின்றன. சத்தமில்லாத அறிகுறிகளே வாழ்க்கையை அதிகம் தின்கின்றன. முகத்தில் உணர்ச்சி வற்றிப்போகும். பேச்சு ஓரிரு சொற்களாகச் சுருங்கும். குளிக்க, முடி வெட்டிக்கொள்ள, நண்பன் கூப்பிட்டால் போனை எடுக்க மனம் எழாது. கவனமும் நினைவும் திட்டமிடும் திறனும் மங்கும்: கடைக்கு மூன்று சாமான் வாங்கப் போனவர் ஒன்றோடு திரும்புவார். இத்தனைக்கும் வீட்டில் வைக்கும் பெயர் சோம்பேறித்தனம். “நல்லாத்தானே இருக்கான், வேலைக்குப் போனா என்ன?” என்ற கேள்வி, குரல்கள் அடங்கிய பிறகு கிளம்பும். மாத்திரைகள் குரல்களை அடக்கும் அளவுக்கு இந்த வறட்சியைத் தீர்ப்பதில்லை என்பது வீட்டாருக்குத் தெரியாது. குத்தல் பேச்சும் ஓயாத கண்காணிப்பும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று ஜார்ஜ் பிரவுன் முதலானோர் லண்டனில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. பிற நாடுகளிலும் அது உறுதியானது.

நோய்க்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வர ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு சுமார் 10 விழுக்காடு. ஆக, மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. பிரசவச் சிக்கல்கள், இள வயதில் கஞ்சாப் பழக்கம் போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. தாயின் வளர்ப்பே காரணம் என்ற கொள்கை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மருத்துவத்தில் கோலோச்சியது. ஆதாரம் இல்லாமல் அது வீழ்ந்தாலும், அதற்குள் எத்தனையோ தாய்மார் வீண்பழி சுமந்துவிட்டார்கள்.

சிகிச்சையின் திருப்புமுனை 1952. பாரிஸில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசின் என்ற மருந்தால் நோயாளிகள் தெளிவதைப் பதிவு செய்தார்கள். அதுவும் பின்னர் வந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலானவையும் மூளையில் டோபமைன் ஏற்பிகளை மறிப்பவை. 2024இல் அமெரிக்கா அனுமதித்த ஸனோமெலின்–டிராஸ்பியம் கூட்டுமருந்துதான் டோபமைனை மறிக்காமல் வேறு வழியில் செயல்படும் முதல் மருந்து. வேறு மாத்திரை கேட்காதவர்களுக்குக் குளோசபின் பலன் தரும். ஆனால் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பக்கவிளைவுகள் சிறிய விஷயமல்ல. காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கித் தளும்பும். கால்கள் ஓரிடத்தில் நிற்காது. எடையும் சர்க்கரையும் ஏறும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பின்னர் துப்புகிறவரைத் திட்டும் முன் இவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ டாக்டரால் முடியும். தினசரி மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசியும் உண்டு.

டாக்டரிடம் வருவதற்கு முன் பல குடும்பங்கள் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய் வந்திருக்கும். வேண்டுதலால் கெடுதல் இல்லை. தள்ளிப்போகும் காலமே கெடுதல். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, கீற்றுக் கொட்டகையில் இயங்கிய காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

நோய் முற்றிலும் மீளாத பாதை என்பதும் சரியல்ல. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவுக்கெனவே இயங்கும் ஆய்வு நிறுவனம். முதன்முறையாக நோய்வாய்ப்பட்ட 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த சென்னை ஆய்வில், 10 ஆண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அதிக விலை கொடுப்பவர்கள் பெண்கள். நோயை மறைத்து முடித்த திருமணம் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில் முடிகிறது. இந்து திருமணச் சட்டம் மணவிலக்குக்கான காரணங்களில் மனக்கோளாறைச் சேர்த்து, அதற்கான விளக்கத்தில் மனச்சிதைவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் தீர்ப்பளித்தது.

மனநோயை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனமாக அங்கீகரிக்கிறது. பாதிப்பு 40 விழுக்காட்டைத் தொட்டால் அதற்குரிய சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்கினால் தங்கைக்கு வரன் அமையாது என்று ஒதுங்கும் வீடுகள் பல. வயதான பெற்றோரின் கேள்வி வேறு: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழி செய்யும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் மனநோயை உள்ளடக்கவில்லை. இவர்களுக்கு எஞ்சியிருப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அனுமதிக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் ஏற்பாடு மட்டுமே.